யார் வைத்த பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தூரில் என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மணலிப் பக்கம் போகிற டாங்கர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் ஊர்ந்து, எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் அவள் தெருவைத் தேடிப் பிடித்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். காப்பி வருவதற்கு முன்பே ஒரு சமாசாரம் வந்தது.

"எனக்கு ஆட்டிஸமாம். டாக்டரம்மா சொல்லிவிட்டாள்" என்றாள். பால் திரிந்து போயிற்று என்று சொல்வோமே, அந்தக் குரலில்!

ஆட்டிஸம் என்றால் பேச்சு வராத சின்னக் குழந்தை என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இவளுக்கோ வயது 41. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள், பைசா பிசகாது. ஒன்பது வயது மகனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறானா, சட்டைக் காலர் உறுத்துகிறது என்று அழுகிறானா, போகிற வழி மாறினால் கலங்குகிறானா என்று டாக்டரம்மா கேட்கக் கேட்க, "அவன் மட்டுமா, நானும்தானே!" என்று இவள் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாளாம். பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பதுதான் ஆட்டிஸம். குழந்தை பெரியவளாகிவிட்டால் அது பால் பல் மாதிரி விழுந்துவிடுமா, என்ன?

நம் அரசாங்கத் தமிழில் இதற்கு வைத்திருக்கிற பெயர் தெரியுமா? 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்.' சிநேகிதி அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"புற உலகச் சிந்தனை இல்லையாம்! எனக்கு அதுதானடி ஓயாத உபத்திரவம். மூன்று தெரு தள்ளி லாரிக்காரன் ஹாரன் அடித்தால் எனக்குப் பல் கூசுகிறது. காற்று திரும்பினால் மணலி வாடை எல்லாருக்கும் முன்னால் என் மூக்குக்குத்தான் தெரியும். உள்ளே வருவதைத் தடுக்க எனக்குக் கதவே இல்லை."

பெயர் வைத்தவர்கள் வெளியே நின்று பார்த்து வைத்தார்கள். 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்று பொருள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். அவர்களில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். ஊரில் பழகியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து, அதை மறக்காமல் வைத்திருப்பாராம். ஊரார் அதையும் ஒரு பிரியமாகவே எடுத்துக்கொண்டார்கள். பாங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளைத் தனியே சுற்றி வந்தார். 2023-ல் தமது 89-வது வயதில் காலமானார். புற உலகச் சிந்தனையற்றவர்!

பெண்களின் கதை வேறு. இவள் எட்டு வயதிலேயே நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். கண்ணைப் பார்த்துப் பேச முடியாததால் எதிராளியின் புருவத்தைப் பார்த்துப் பேசுவாள். ஆபீஸில் என்ன பேச வேண்டும் என்பதை பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிடுவாள். கல்யாண வீட்டில் மைக் வைத்த நாதஸ்வரம் தாங்காமல் கொல்லைப்புறம் போய் நிற்பாள். பெற்ற தாயே "கர்வி" என்றாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் அரை மணி நேரம் இருட்டறையில் படுத்துக் கிடப்பாள். தலைவலி என்று கணவர் தைலம் வாங்கி வாங்கி வைத்தார். பாவம், அவர் என்ன செய்வார்! இப்படி மறைத்து மறைத்துப் பழகுவதால்தான் டாக்டர்கள் கண்ணிலும் பல ஸ்திரீகள் தப்பிவிடுகிறார்கள்.

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிஸம் என்ற சொல்லே கிடையாது. 2016-ம் வருஷச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அது இடம் பெற்றது. சர்டிபிகேட்டுக்கு மனுப் போடுவதா என்று இவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். பணத்துக்காக அல்ல, தலைக்கு மேல் 'டக் டக்' என்று அடிக்கிற மின்விசிறிக்குக் கீழிருந்து தன் மேஜையை நகர்த்திப் போடச் சொல்ல ஒரு காகிதம் கையில் இருந்தால் தேவலையே என்று.

அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில். பையனின் நிலை தெரிந்த நாள் முதல், "நீ வேலைக்குப் போனதால்தான் குழந்தை இப்படி ஆயிற்று" என்பது மாமியாரின் அபிப்பிராயம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாயின் அன்பு போதாததுதான் காரணம் என்று 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் புத்தகமே போட்டார், படித்தவர்களே நம்பினார்கள். 1964-லேயே பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் அந்த வாதத்தை மறுத்து எழுதியிருந்தார். ஆட்டிஸம் உள்ள மகனைப் பெற்றவர் அவர்.

அன்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெரிந்த விஷயம். ஆனால் இதைச் சொன்னால், "அப்படியா, உன்னிடமிருந்துதான் வந்ததா!" என்று மாமியார் ஆரம்பித்துவிட மாட்டாரா? இந்தத் தடவை அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாதே!

"யாரிடம்தான் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"முதலில் அவரிடம். அப்புறம் பையனிடம்."

"என்ன சொன்னான்?"

"'அப்படியானால் கல்யாண வீட்டில் நீயும் என்னோடு வெளியே வந்து நிற்கலாமே அம்மா' என்றான்."

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறதாம். தாலி கட்டி முடித்ததும் தாயும் பிள்ளையும் வாசலுக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. மாமியாரிடம் அதற்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை.