பறவைகள் மீது விழும் பழி

2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரிக்கரை முழுக்கப் பறவைகளின் சடலங்கள். அந்த மாதம் முடிவதற்குள் இறந்தவற்றின் எண்ணிக்கை 18,000-ஐத் தாண்டிவிட்டது. ஆண்டி வாத்து, நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி என்று பல இனங்கள். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவையும் அவற்றில் ஏராளம். சிறகு செயலிழந்து, கழுத்தை நிமிர்த்த முடியாமல், முழங்கால் ஆழமே உள்ள தண்ணீரில் மூழ்கிச் செத்தன.

எல்லோருக்கும் முதலில் வந்த சந்தேகம் பறவைக் காய்ச்சல். வெளியிலிருந்து வந்தவை, ஏதோ ஒரு நோயைக் கொண்டுவந்துவிட்டன என்ற அச்சம். போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகள் போயின. பறவைக் காய்ச்சல் இல்லை என்று பதில் வந்தது. பிறகு பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உண்மையான காரணத்தைச் சொன்னது: பாட்டுலிசம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு.

இந்த பாக்டீரியா செயல்படும் விதம் விசித்திரமானது. அதன் வித்துகள் ஏரிச் சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். பறவைகளின் குடலிலும் தொந்தரவு செய்யாமல் இருக்கும். வெப்பம், பிராணவாயு இல்லாத சூழல், அழுகும் புரதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விழித்துக்கொண்டு நச்சைச் சுரக்கும். செத்த பறவையின் உடலில் இந்த மூன்றும் உண்டு. அந்த உடலில் ஈக்கள் முட்டையிடுகின்றன. பிறக்கும் புழுக்கள் நச்சைத் தின்றாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தப் புழுக்களைக் கொத்தும் பறவைக்கு நரம்புகள் செயலிழக்கின்றன. அது செத்தால் அடுத்த தலைமுறைப் புழுக்களுக்கு இடம் தயார். ஒரு சடலம் பல சடலங்களாகப் பெருகுவது இப்படித்தான். பறவைகளைக் கொல்லும் இந்த வகை நச்சு பொதுவாக மனிதரைத் தாக்குவதில்லை என்பது ஒரு நிம்மதி.

ஆக, சாம்பரில் பறவை நோயைச் சுமந்ததா என்றால், சுமந்தது என்பதே பதில். ஆனால் வித்து இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. அது முளைக்கும் சூழலும் வேண்டும். பல வருட வறட்சிக்குப் பிறகு அந்த ஆண்டு நல்ல மழை பெய்து, ஏரியின் நீர்மட்டமும் உப்பின் அளவும் மாறியிருந்தன. சடலங்களை அகற்றுவதில் ஏற்பட்ட தாமதம் மிச்ச வேலையைச் செய்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்த விவகாரத்தைக் கையிலெடுக்க வேண்டியிருந்தது. 2024-ல் அதே ஏரியில் மீண்டும் பாட்டுலிசம் தலைகாட்டியது.

வலசை வரும் பறவைகள் மீது சந்தேகம் விழுவது புதிதல்ல. 1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாக இறந்தன. காட்டோர கிராமத்தினர் கடும் காய்ச்சலில் விழுந்தனர். புனாவில் இருந்த வைரஸ் ஆய்வு மையம் கண்டுபிடித்த கிருமி, ரஷ்யாவில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவுக்காரன் போலத் தெரிந்தது. இங்கே குற்றவாளி பாக்டீரியா அல்ல, உண்ணிகள் பரப்பும் வைரஸ். அந்த உண்ணிகளைச் சைபீரியாவிலிருந்து பறவைகள் கொண்டுவந்திருக்குமோ? இந்தக் கேள்வியோடு, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பெரும் திட்டத்தைத் தொடங்கியது. பறவைகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை. நோய் பரவியதற்கு ஆய்வாளர்கள் உள்ளூரிலேயே காரணம் கண்டனர்: காட்டை வெட்டி வயலாக்கியது, வெட்டிய விளிம்பில் மாடு மேய்த்தது, அந்த மாடுகளால் உண்ணி பெருகியது. பறவைகளின் வலசைப் பாதைகள் பற்றி இந்தியா இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி, அந்தச் சந்தேகம் தந்த எதிர்பாராத பரிசு.

இதனால் பறவைகளை முற்றிலும் நிரபராதிகள் என்று விடுதலை செய்துவிட முடியாது. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாக்கள் காட்டுப் பறவைகளின் எச்சத்தில் காணப்படுகின்றன. லைம் நோயைத் தரும் பாக்டீரியா கொண்ட உண்ணிகளைக் கடல் கடந்து கொண்டுபோவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் சுமை எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், வடதுருவப் பகுதியில் பிடித்த பறவைகளின் குடலில் மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. மாத்திரைக் கடையோ மருத்துவமனையோ எட்டாத பனிவெளி அது. தெற்கே மனிதர்கள் வாழும் இடங்களில் பறவைகளுக்கு அது தொற்றியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. குப்பை மேட்டில் மேயும் கடற்காகமும், சாக்கடை கலந்த ஏரியில் இரை தேடும் வாத்தும் அங்கே கிடைப்பதைத்தான் எடுத்துச் செல்கின்றன.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஊர்ச் சாக்கடை, மருத்துவமனைக் கழிவு, கோழிப்பண்ணைக் கழிவு எல்லாம் வந்து சேரும் நீர்நிலைகளில்தான் குளிர்காலப் பறவைகள் இறங்குகின்றன. அதே தண்ணீரில் மாடுகள் குளிக்கின்றன. அதே கரையில் வீட்டுக்கோழிகள் கிளறுகின்றன. நோய் வந்தபின் பறவையைத் துரத்துவது எளிது. துரத்திய பறவை அடுத்த ஏரிக்குப் போகும் என்பதும், போகும்போது கிருமியையும் கொண்டு போகும் என்பதும்தான் சிக்கல்.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. செத்த பறவை தென்பட்டால் வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும். பாட்டுலிசத்தில் சடலத்தை உடனே அகற்றி எரிப்பதோ ஆழப் புதைப்பதோதான் முதல் வைத்தியம்; நாள் தள்ளினால் சாவும் கூடும். குளிர்காலம் தொடங்கும்போதே ஏரிகளில் ரோந்து வேண்டும். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விடுவதை நிறுத்த வேண்டும். முதல் மூன்றுக்கும் சில ஆட்கள் போதும். நான்காவதற்குத்தான் நகராட்சிகளின் பணமும் மனமும் தேவை. அதனால்தானோ என்னவோ, குற்றம் சாட்டப் பறவைகள் வசதியாக இருக்கின்றன.