நன்றி என்பது பொன்னாடையா, பொறுப்பா?



இன்று சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். எவர் மனமேனும் நோகுமாயின் பொறுத்தருள்க. ஆனால் சொல்லாமல் விட இயலவில்லை.

நம் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து விழாக்களைக் கண்டிருப்பீர்கள். மாதிரிக் காசோலையோடு மேடையேறுகிறவருக்கு ஆளுயர மாலை, பொன்னாடை, பாராட்டுரை. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து, கோயில் மண்டபத்தில் தேவார வகுப்பு நடக்கக் காசு கொடுத்துவிட்டு மறைந்த பாட்டிக்கு என்ன செய்தோம்? அவர் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தோமா? இதற்குப் பெயர் நன்றியா?

"அவர்கள் பெயருக்காகவா கொடுத்தார்கள்?" என்று சிலர் கேட்பர். உண்மைதான். பெயருக்காகக் கொடுக்கவில்லை, ஒரு நோக்கத்திற்காகக் கொடுத்தார்கள். பெயரை மறந்தவன் அடுத்து நோக்கத்தை மறப்பான். சமய வகுப்புக்கு வந்த பணம் விருந்துக்கும் பந்தலுக்கும் கரைந்து போவது அப்படித்தான்!

வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். 1794-இல் மறைந்த சென்னை வள்ளல் பச்சையப்ப முதலியார், கோயில் திருப்பணிகளுக்கும் அறச் செயல்களுக்கும் தம் செல்வத்தை உயில் எழுதி வைத்தார். அவர் கண்மூடியபின் அந்த அறம் வழக்கு மன்றத்தில் சிக்கிப் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அறங்காவலர் குழு அமைந்து, திரண்டிருந்த நிதியிலிருந்து பள்ளி திறக்கப்பட்டது 1842-இல். இடையில் 48 ஆண்டுகள்! அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாயிற்று; கணித மேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாவும் அங்குப் பயின்றார்கள். எழுத்தில் இருந்ததால்தான் அந்த அறம் பிழைத்தது. காப்பவர் சரியாக அமையாததால்தான் அது அத்தனை ஆண்டு தாமதித்தது. இரண்டு பாடமும் நமக்கு வேண்டும்.

நம் நிலை என்ன? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, மண் மட்டும் கம்பெனியுடையதாகவே இருந்தது. கோயிலும் அப்படியே. இரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தபோது, மூன்று தலைமுறை கொடுத்த காசுக்கும் உழைப்புக்கும் காட்ட நம் கையில் ஒரு தாளும் இல்லாத தோட்டங்கள் எத்தனை!

நம் முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். சமயப் பள்ளிக்கு வக்ஃப் செய்த நிலத்தை விற்கலாகாது. வாரிசுகள் பங்கு கேட்கலாகாது. கொடுத்தவர் நோக்கத்திற்கு அங்கே வேலி உண்டு. நமக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது; நாம்தான் அதில் நடப்பதில்லை.

உயில் எழுதாமல் மறைந்தால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி சொத்து குடும்பத்தாரைச் சேரும். "பள்ளிக்குக் கொஞ்சம் கொடுக்கணும்" என்று வாய்மொழியாகச் சொன்ன ஆசை அவரோடு சுடலையில் எரிந்துவிடும். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது பெரிதன்று: பதினெட்டு வயது நிரம்பியவர், தெளிந்த மனம், எழுத்து, கையெழுத்து, ஒருசேர இருந்து காணும் இரு சாட்சிகள். சாட்சியாக நிற்பவருக்கே ஏதும் எழுதி வைத்தால் அந்தக் கொடை செல்லாது. இதையும் நினைவிற் கொள்க.

ஆகவே, கோயில் செயலவையினரே, பள்ளி வாரியத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே! நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, கொடையாளர் பதிவேடு: ஐந்து வெள்ளி கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கட்டும். இரண்டாவது, எழுதி வைக்கப்பட்ட கொடைக்குத் தனிக் கணக்கு. ஆண்டுக் கூட்டத்தில் அதை உரக்கப் படியுங்கள். மூன்றாவது, தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். தான் உட்கார்ந்திருக்கும் பாய் எவர் வியர்வையால் வந்தது என்று அறிந்த பிள்ளை, நாளை தானும் கொடுப்பான்.

மாலை மறுநாளே வாடிவிடும். கணக்கு வாடாது. இறந்தவர் எழுந்து வந்து கணக்குக் கேட்கமாட்டார் என்பதால்தான் அவருக்கு நாம் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும்.

சிந்திப்போமா? செய்வோமா?