திருப்தியும் தேதியும்

இந்தியக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் 2017இல் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் சேர்ந்தது. மொத்தம் 21 கேள்விகள். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தினார்கள் என்று தொடங்கி, கற்பித்தலை மேம்படுத்த மூன்று யோசனை கேட்டு முடிகிறது. வகுப்பறை முக்கியம்தான். ஆனால் மாணவரின் நாள்களைத் தின்பது அலுவலகச் சன்னலும்தான்: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், மறுமதிப்பீட்டு முடிவு, உதவித்தொகைக் கையெழுத்து. அதற்கும் மதிப்பெண் போடச் சொன்னால் போயிற்று என்பார்கள். போதாது. திருப்தி எதிர்பார்ப்பைப் பொறுத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, நாலு முறை அலையவிட்டாலும் சான்றிதழ் கைக்கு வந்ததே என்று முழு மதிப்பெண் போட்டுவிடும். விவரம் தெரிந்த பிள்ளை இரண்டாம் நாளே குறைத்துப் போடும். சராசரியில் இருவரும் காணாமல் போகிறார்கள். பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் தேசிய மாணவர் கருத்தாய்வில், ஒட்டுமொத்தத் திருப்தி பற்றிய கேள்வியை 2023இல் இங்கிலாந்து மட்டும் கைவிட்டது. அப்படியானால் மாணவரைக் கேட்கவே வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும், சன்னலில் பட்ட அவமானத்தை எந்தப் பதிவேடும் சொல்லாது. கூடவே, விண்ணப்பம் வாங்கிய தேதியையும் சான்றிதழ் கொடுத்த தேதியையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அருகருகே வெளியிடட்டும்.