வளரும் பிள்ளைக்குக் கோல்ப் மட்டை

நம் வீடுகளில் தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது தையற்காரரிடம் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "வளர்கிற பிள்ளை, சற்றுப் பெரிதாகவே தையுங்கள்!" சிக்கனமான ஏற்பாடுதான். உள்ளே மடித்த துணியை ஆண்டுதோறும் பிரித்துவிட்டு ஒரே பாவாடையில் மூன்று தீபாவளிகளை ஒப்பேற்றிய தாய்மார்களை நாம் அறிவோம். ஆனால் இந்தச் சிக்கனத்தைக் கோல்ப் மட்டையிலும் காட்டப் புகுந்தால் விபரீதந்தான்.

கோட்டூர்புரத்து அன்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்கிறார். அடையாற்றுக்கு அக்கரையில், நந்தனத்தில், காஸ்மாபாலிடன் கிளப்பின் கோல்ப் மைதானம் இருக்கிறதல்லவா? அங்கே ஆடிவரும் அவருக்கு எட்டு வயதில் ஒரு புதல்வி. அவளும் ஆட ஆசைப்படுகிறாளாம். "என் பழைய மட்டைகளில் இரண்டை அறுத்துக் கொடுத்தால் போதாதா?" என்கிறார்.

வெள்ளைக்காரர் ஆட்டம் நமக்கு எதற்கு என்று சில நேயர்கள் முகஞ்சுளிக்கலாம். 1829-ல் கல்கத்தாவில் கோல்ப் கிளப் ஏற்பட்டபோது அது அவர்களுடைய ஆட்டமாகத்தான் இருந்தது. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் 2016-ல், பதினெட்டு வயதில், ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். 2021-ல் டோக்கியோவில் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடியில் பதக்கம் நழுவிற்று. இனி இதை அந்நியம் என்று ஒதுக்குவதற்கில்லை.

அன்பரின் ரம்பத்துக்கு வருவோம். பெரியவர்களின் ஏழாம் நம்பர் இரும்பு மட்டை சுமார் 37 அங்குல நீளம். நான்கடி உயரக் குழந்தைக்கு வேண்டியது 27 அங்குலத்தை ஒட்டியது. பத்து அங்குலத்தை அறுத்தெறிந்தாலும் கால் கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தலை அப்படியேதான் இருக்கும். தண்டோ குட்டையாகக் குட்டையாக விறைத்துப்போகும். வீசும்போது சிறிதும் வளைந்து கொடுக்காது. பிடியும் பெரியவர் கைக்கு ஏற்ற பருமன். இவ்வளவையும் சமாளிக்கக் குழந்தை என்ன செய்யும்? முதுகைப் பின்னே சாய்த்து, முழங்கையை மடக்கி, உடம்பு முழுவதையும் சுழற்றித் தூக்கும். பந்து எப்படியோ போய்விடும், கோணலும் படிந்துவிடும். பிறகு எந்த ஆசிரியர் வந்தாலும் முதல் இரண்டு வருஷம் அதை மறக்கடிப்பதிலேயே கழியும்.

டில்லியில் மட்டைப்பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் பந்தயத்தையே வெல்லவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வென்றார், அவர் அசாத்தியர். ஒவ்வாத மட்டையோடு மல்லாடி ஆட்டத்தையே விட்டுவிட்ட குழந்தைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

ஆகவே வயதைக் கேளாமல் உயரத்தை அளக்க வேண்டும். குழந்தைகளுக்கென்றே மட்டை செய்வோரில் சிலர் உயரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஓர் அளவாகச் செய்கிறார்கள். இந்த வயதில் குழந்தை ஆண்டுக்கு இரண்டு அங்குலம் போல வளருமாதலால் ஒரு செட்டு ஒன்றரை வருஷம் தாங்கும். ஓர் அங்குலம் நீளமாயிருந்தால் பிடியைச் சற்று இறக்கிப் பிடித்துக் கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம்.

கடையிலேயே மூன்று காரியங்களைப் பார்த்துவிடலாம். மட்டையின் நுனியைப் பிடித்து ஒரு கையால் நேரே நீட்டச் சொல்லுங்கள். உடனே கை தாழ்ந்தால் கனம் அதிகம். மேல் கையால் பிடித்ததும் விரல்நுனி உள்ளங்கையைத் தொடாவிட்டால் பிடி பருமன். இயல்பாக நிற்கவைத்து மட்டையைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். தலையின் மூக்கு ஆகாயம் பார்த்தால் அது நீளம், வலக்கை ஆட்டக்காரியின் பந்து இடப்பக்கமே ஓடும்.

விதிப்படி பையில் பதினான்கு மட்டை வரை வைக்கலாம். தொடங்குகிறவளுக்கு நான்கு தாராளம். மூத்தவளுக்குச் சிறுத்துப்போனது இளையவனுக்கோ அடுத்த வீட்டுக்கோ போகட்டும். நம்மவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பந்தை உருட்டும் 'பட்டர்' மட்டையை மட்டும் (கோயில் பட்டரை நினைக்கவேண்டாம்) எந்த அளவிலும் இருக்கலாமென்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தில் அதிகமாகக் கையில் எடுப்பது அதைத்தான். அது நீண்டிருந்தால் குழந்தை பந்தைவிட்டு எட்டி நிற்கும். கண் பந்துக்கு நேர் மேலே வராது.