பாரம்

2025 ஜூன் 20 அன்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, ஆறு மாதத்துக்குள் சாவு என்று டாக்டர்கள் கைவிட்ட நோயாளி மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதாவை 314க்கு 291 என்று நிறைவேற்றியது. நண்பர் ஒருவர் இதைத் தனிமனிதனின் கடைசிச் சுதந்திரம் என்று சிலாகித்தார். சுதந்திரம் என்றால் நம்மவர்களுக்கு உடனே புல்லரித்துவிடுகிறது.

முதல் நகலில் ஹைகோர்ட் நீதிபதியின் அனுமதி தேவைப்பட்டது. கமிட்டியில் அது போய் வக்கீல், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் என்று மூவர் வந்தார்கள். யார் உட்கார்ந்தாலும் தேடப்போவது நிர்ப்பந்தித்த ஓர் ஆளை. அப்படி ஓர் ஆளே இல்லையென்றால்?

அமெரிக்காவின் ஓரிகனில் 1997லிருந்து இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கைகளில் வலியைக் காரணமாகச் சொன்னவர்களைவிட, குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோம் என்று சொன்னவர்கள் அதிகம்.

இது நமக்குத் தெரியாத சொல்லா? விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலில் எண்ணெய்க் குளியலும் இளநீரும்தான். நிர்ப்பந்தித்தவர் யாருமில்லை. கிழவியே கேட்டாள் என்பார்கள்.

என் பாட்டி கடைசி வருஷம் முழுக்க, "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை, புத்தகத்திலிருந்து தலைநிமிரவுமில்லை.

வலியில் துடிப்பவனுக்கு வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னுடைய அந்த மௌனத்தை எந்தக் கமிட்டி விசாரிக்கும்? நண்பர் பதில் எழுதட்டும்.