மார்கழியில் அத்திக்காயைப் பறிக்கணுமா? சேலத்துக்கு லண்டன் கணக்கு சரிப்படாது

டிசம்பர் வந்தால் போதும், அத்திமரம் வளர்ப்பவர்களின் மொபைலில் ஒரே மாதிரி வீடியோக்கள் வரிசை கட்டும். பழுக்காத காய்களைப் பறித்துவிடுங்கள், மரத்தைச் சாக்கு சுற்றி மூடுங்கள் என்பதுதான் எல்லாவற்றின் சாரம். பேசுபவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவின் வடபகுதியிலோ இருக்கிறார். பார்ப்பவர் ஓமலூரிலோ ராசிபுரத்திலோ மாடித்தோட்டம் வைத்திருக்கிறார். அந்த ஊருக்கு அது நல்ல யோசனை. இங்கே அதைச் செய்தால், மாசி, பங்குனியில் சாப்பிட வேண்டிய பழம் மார்கழியிலேயே குப்பைக்குப் போய்விடும்.

இங்கே பேச்சு சீமை அத்தியைப் பற்றி. ஆற்றங்கரையில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு. நாட்டு அத்தியில் விதை பிடிக்க ஒரு குட்டிக் குளவி வேண்டும். நர்சரிகளில் கிடைக்கும் பூனா, பிரவுன் டர்க்கி ரகங்களுக்கு மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. 'பூவையே காணோமே' என்று தேடவும் வேண்டாம். பூவெல்லாம் காய்க்குள்ளேதான் இருக்கிறது. 'அத்தி பூத்தாற்போல' என்று சும்மாவா சொன்னார்கள்!

அங்கே ஏன் பறிக்கிறார்கள்? உறைபனியில் அரைகுறையாகப் பருத்த காய் கருகிவிடும். அதனால் பெரிய காய்களை எடுத்துவிட்டு, கிளை நுனியில் பட்டாணி அளவில் இருக்கும் பிஞ்சுகளை மட்டும் விடுவார்கள். அவை அடுத்த கோடையில் பழுக்கும். சேலம், நாமக்கல் சமவெளியிலோ மார்கழி இரவில் 18, 19 டிகிரிக்கே ஊர் ஸ்வெட்டர் தேடுகிறது. இலை உதிர்த்து உறங்கும் அத்திமரம் மைனஸ் டிகிரியையே தாங்கக்கூடியது. இந்தக் குளிருக்குச் சாக்கு சுற்றினால் ஈரம் தேங்கிப் பூஞ்சைதான் வளரும்.

அப்படியானால் காய் ஏன் வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது? விஷயம் இங்கேதான் இருக்கிறது. அத்திக்காய் ஒரே சீராகப் பருக்காது. முதலில் மளமளவென வளரும். பிறகு பல வாரங்கள் பச்சையாக, கல் மாதிரி நிற்கும். கடைசியில் சில நாட்களிலேயே உப்பி, நிறம் மாறி, இனிப்பேறும். நடுவில் இருக்கும் அந்தத் தேக்கம் குளிர் இரவுகளில் இன்னும் நீளும். அதைப் பார்த்துப் பதறித்தான் பலர் காயைப் பறிக்கிறார்கள், அல்லது உரத்தைக் கொட்டுகிறார்கள்.

இதே குளிர்காலக் காயை நம்பிப் பிழைக்கும் ஊர் இந்தியாவிலேயே இருக்கிறது. புனே அருகே புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே இரண்டு பருவம். மழைக்காலத்தில் பழுப்பது 'கட்டா பஹார்', அதாவது புளிப்புப் பருவம். மழை ஓய்ந்தபின் காய் பிடித்து, குளிரில் மரத்திலேயே நின்று, வறண்ட வெயிலில் பழுப்பது 'மீட்டா பஹார்', இனிப்புப் பருவம். நல்ல பழம் என்றால் இரண்டாவதுதான். சேலத்திலும் மழை ஐப்பசி, கார்த்திகையோடு பெரும்பாலும் அடங்கிவிடுவதால், பின்பற்ற வேண்டியது புரந்தர் கணக்கைத்தான்.

குளிரைவிட இங்கே பெரிய எதிரி துரு நோய். மழை ஈரமும் காலைப் பனியும் சேர்ந்தால் இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகள் வரும், இலை கொட்டும். 'மரம் தூங்குது' என்று விட்டுவிடக் கூடாது. இலை இல்லாமல் காய்க்கு ஏது இனிப்பு? உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். தண்ணீரை இலைமேல் அடிக்காமல் காலையில் வேரடியில் விடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு இலையோடு சந்தியூர் அல்லது நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். யூடியூப் கமெண்டில் கேட்பதைவிட அது மேல்.

நாமக்கல்காரர்களுக்கு இன்னொரு சபலம் உண்டு: கோழி எரு. பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று பச்சையாகவே அள்ளிப் போடுகிறார்கள். அதில் தழைச்சத்து அதிகம். தளதளவென்று இலை வரும், காய் பின்தங்கும், தொட்டிச் செடியாக இருந்தால் வேரே வெந்துவிடும். நன்றாக மக்கிய பிறகு, அதுவும் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் சீராக இருப்பதுதான் முக்கியம். பத்து நாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழுக்கும் தறுவாயில் இருக்கும் காய் வெடித்துவிடும். வேரடியில் காய்ந்த சருகோ தென்னை நாரோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

மாங்காயை அரிசிப் பானையில் புதைத்துப் பழுக்கவைத்த பழக்கத்தில் அத்திக்காயையும் பறித்து வைப்பவர்கள் உண்டு. அது சுருங்குமே தவிர இனிக்காது. காம்புப் பக்கம் துவண்டு, காய் கீழே தொங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கும்போதுதான் பறிக்க வேண்டும். காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. குயிலுக்கும் வௌவாலுக்கும் அந்த நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். நிறம் மாறத் தொடங்கியதும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு சின்ன வலைப்பை கட்டிவிட்டால் பாதியாவது வீட்டுக்கு மிஞ்சும்.