சின்ன ராகிங் என்று ஒன்று கிடையாது

"கொஞ்சம் ராகிங் இருந்தால்தான் பையன் தேறுவான்." கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைக்கு இதை மாமா சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். பழைய மாணவர் சந்திப்பில், இன்று பேரும் புகழுமாக இருக்கும் மருத்துவரும் பொறியாளரும் சொல்கிறார்கள். அடி உதை கூடாது, எல்லை தாண்டக் கூடாது என்று ஒப்புக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். மற்றபடி பாடச் சொல்வதும் ஆடச் சொல்வதும் குனிந்து வணக்கம் வைக்கச் சொல்வதும் கூச்சத்தைப் போக்கும், பின்னால் அதே சீனியர்தான் புத்தகமும் நோட்ஸும் தருவான் என்கிறார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். அதனாலேயே இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. கொடுமையை வெளிப்படையாக ஆதரிக்கிறவர்கள் எங்குமே சிலர்தான். அந்தச் சிலருக்கு இடமும் துணிச்சலும் கொடுப்பது, 'சின்ன ராகிங்கில் தப்பில்லை' என்று நம்பும் பலர்.

இந்த நம்பிக்கைக்கு நம் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த நாவரசு கொல்லப்பட்டார். தமிழகமே உறைந்துபோனது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்வது பலருக்குத் தெரியும். ராகிங் என்றால் என்ன என்று அது சொல்லியிருப்பதைப் படித்தவர்கள் குறைவு. ஒரு மாணவருக்கு உடலிலோ மனத்திலோ தீங்கையோ அச்சத்தையோ அவமானத்தையோ கூச்சத்தையோ உண்டாக்கும் செயல் அதன்படி ராகிங். கேலி செய்வதும் ராகிங். சாதாரணமாக ஒரு மாணவர் தாமாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் ராகிங்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை அடி விழுந்தது, எவ்வளவு ரத்தம் வந்தது என்று சட்டம் அளந்துகொண்டிருக்கவில்லை. அந்தப் பிள்ளை இதைத் தானாகச் செய்திருப்பானா என்று மட்டும் கேட்கிறது. சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடி தலைகுனிந்து நடக்க எந்தப் பதினெட்டு வயதுக்காரனும் தானாக ஆசைப்பட மாட்டான். இரவு ஒரு மணிக்கு எழுந்துபோய் அடுத்த அறைக்காரனின் ரெக்கார்டு நோட்டை எழுதித்தர மாட்டான். பத்துப் பேர் சுற்றி நின்று சிரிக்கும்போது மேசைமேல் ஏறி ஆட மாட்டான். மாட்டேன் என்று சொல்ல முடியாததால் செய்கிறான்.

'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தால் அது விளையாட்டு. சொல்ல முடியாவிட்டால் அது ராகிங். இதில் சின்னது பெரியது என்று பிரிக்க வழியே இல்லை. ஏனென்றால் சின்னது எப்போது பெரிதாகிறது? இளையவன் மறுக்கும்போது. பாடச் சொன்னார்கள், பாடினான், சிரித்துவிட்டு அனுப்பினார்கள் என்றால் கதை அங்கேயே முடிகிறது. மறுத்தான் என்றால் சீனியரின் கௌரவம் குறுக்கே வருகிறது. சுற்றி நிற்கும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், விட்டுவிட்டால் மரியாதை போய்விடும். கை ஓங்குவது அப்போதுதான். ராகிங்குக்குப் பணிய மறுத்ததால்தான் நாவரசு தாக்கப்பட்டார் என்பதே அரசுத் தரப்பின் வழக்கு. பாடச் சொன்ன குரலுக்கும் அடித்த கைக்கும் நடுவே எந்த எல்லைக்கோடும் இல்லை. ஒரு 'மாட்டேன்' மட்டுமே இருக்கிறது.

அந்த வழக்கு நீதிமன்றங்களில் நடந்த விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1998இல் கடலூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. நாவரசின் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அப்படிப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்கே இதுதான் நடந்தது, நீதிக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறும் கூலித் தொழிலாளியின் மகன் யாரை நம்பி 'மாட்டேன்' என்பான்?

அடுத்த வாதம் துணிச்சலைப் பற்றியது. ராகிங் கூச்சத்தைப் போக்குமாம், தைரியம் தருமாம். கிராமத்திலிருந்து வந்த பையனின் ஆங்கில உச்சரிப்பைப் பத்துப் பேர் சேர்ந்து கேலி செய்தால் அவன் வகுப்பில் வாயைத் திறப்பானா, மூடிக்கொள்வானா? கூச்சம் போக வேண்டுமானால் மேடை கொடுங்கள், நாடகக் குழுவில் சேருங்கள், கருத்தரங்கில் பேச வையுங்கள், தப்பாகப் பேசினாலும் கைதட்டுங்கள். அவமானப்பட்டவன் கற்றுக்கொள்வது வேறு பாடம்: பலம் உள்ளவனிடம் பணிந்து போ, உன் முறை வரும்போது அடுத்தவனைப் பணிய வை. முதலாண்டில் அழுதவன் இரண்டாம் ஆண்டில் அறை வாசலில் நின்று அதட்டுவது இதனால்தான். இதைத் தைரியம் என்று சொல்ல என்னால் முடியாது.

'பேரென்ன, ஊரென்ன' என்று தொடங்கும் அறிமுகத்தில் பேரும் ஊரும் மட்டுமா கேட்கிறார்கள்? அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் கோட்டா என்று போகும். கேள்வி எதைத் துழாவுகிறது என்பது கேட்பவனுக்கும் தெரியும், நிற்பவனுக்கும் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் தன் விதிகளைத் திருத்தி, சாதி, மதம், நிறம், பாலினம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டித் துன்புறுத்துவதையும் ராகிங் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. விடுதி அறைகளில் நடப்பது தெரிந்து செய்த திருத்தம் அது. ராகிங் எல்லாரையும் ஒன்றாக நடத்துகிறது என்று சொல்கிறவர்கள், யார் சீக்கிரம் விடுபட்டார்கள், யார் மாதக்கணக்கில் நின்றார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இந்த வாதம் இன்னும் உயர்ந்த குரலில் ஒலிக்கிறது. அங்கே பகிடிவதை என்று அழைக்கப்படும் ராகிங் சமத்துவத்துக்கானது என்கிறார்கள். பணக்காரன், ஏழை, கொழும்புக்காரன், கிராமத்தான் எல்லாரும் ஒரே தரத்துக்கு வர வேண்டுமாம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு அங்கே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்துப் பேசிய சமந்த விதானகே சக மாணவர்களாலேயே கொல்லப்பட்டார். எதிர்த்துப் பேசுகிறவனின் உயிரையே எடுக்கும் சமத்துவம் யாருக்கு வேண்டும்?

இனி எல்லாருடைய வாயிலும் இருக்கும் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "நாங்களும் பட்டோம். கெட்டா போய்விட்டோம்?" பழைய மாணவர் சந்திப்பில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் மாதத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவன் அந்தச் சந்திப்புக்கு வரவில்லை. படிப்பை மாற்றிக்கொண்டவன் வரவில்லை. ஐந்து ஆண்டும் யாரிடமும் பேசாமல் படித்து முடித்தவனுக்கு அழைப்பு அனுப்பக்கூட யாரிடமும் எண் இல்லை. தேறியவர்கள் மட்டும் கூடியிருக்கும் மண்டபத்தில் எல்லாரும் தேறிவிட்டதாகத்தான் தெரியும். அந்த மண்டபத்தில் இருப்பவர்களும் ராகிங்கால் தேறவில்லை, ராகிங்கையும் மீறித் தேறினார்கள். சீனியர் தந்த புத்தகம் உண்மையிலேயே உதவியது என்றால், அதை முதல் நாளே சிரித்த முகத்தோடு தந்திருக்கலாமே? உதவிக்கு ஏன் அவமானத்தை விலையாகக் கேட்க வேண்டும்?

விதிகள் போதவில்லை என்று சொல்ல முடியாது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மாணவர், குடித்திருந்த சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதற்கு முன்பே, சிபிஐ முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தது. 2009இல் மானியக் குழுவின் விதிகள் வந்தன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழுவும் திடீர்ச் சோதனை செய்யும் பறக்கும் படையும் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி வேண்டும். முதல் மூன்று மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பெயர் எழுதத் தேவையில்லாத கருத்துக் கணிப்பை அவர்களிடையே நடத்த வேண்டும். குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் காவல் துறைக்குப் போக வேண்டும். 1800-180-5522 என்ற இலவச உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இத்தனைக்கும் பிறகு, 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் பதினேழு வயது முதலாண்டு மாணவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் குற்றச்சாட்டில் சீனியர்களும் முன்னாள் மாணவர்களும் கைதானார்கள்.

விதிகள் இருந்தும் ஏன் இப்படி? விதியை நடத்த வேண்டியவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. புகார் கொண்டுவரும் பிள்ளையிடம் காப்பாளர், 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்கிறார். துறைத் தலைவர் இரண்டு தரப்பையும் அழைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, கைகுலுக்க வைத்து அனுப்புகிறார். அன்று இரவு அந்தப் பிள்ளை அதே விடுதிக்குத்தான் திரும்ப வேண்டும். பதினைந்து நாள் கணிப்பு எத்தனை கல்லூரிகளில் நடக்கிறது என்று மாணவர்களிடம் கேட்டால் அப்படி ஒன்று உண்டா என்று திருப்பிக் கேட்பார்கள். 'எங்கள் கல்லூரியில் ராகிங்கே கிடையாது' என்று முதல்வர் பெருமையாகச் சொல்வதற்குப் பல இடங்களில் ஒரே ஆதாரம், புகார் வரவில்லை என்பது. புகார் கொடுத்தவனுக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் புகார் எப்படி வரும்?

தமிழ்நாட்டுச் சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார். சமாதானம் பேசி அனுப்பும் ஒவ்வொரு பேராசிரியரும் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு இரக்க வாதம் வரும்: "ஒரு பையனின் எதிர்காலம் பாழாகிவிடுமே." இந்த இரக்கத்தை நான் ஒதுக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனும் மாணவன்தான். அவன் தரப்பைக் கேட்க வேண்டும், சாட்சியத்தைப் பார்க்க வேண்டும், குற்றத்துக்கு ஏற்ற தண்டனைதான் தர வேண்டும். விதிகளும் அப்படித்தான் இருக்கின்றன. வகுப்பிலிருந்து தற்காலிக நீக்கம், உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து வெளியேற்றம், சில பருவங்களுக்கு இடைநீக்கம், நிரந்தர நீக்கம் என்று படிப்படியாகவே போகின்றன. யார் செய்தது என்று தெரியாதபோது கூட்டாகத் தண்டிக்க ஒரு பிரிவு இருக்கிறது. அதில் தவறு செய்யாதவனும் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் அதை மிகுந்த தயக்கத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். ஆனால், சீனியரின் எதிர்காலத்துக்காகப் பதறும் இந்த இரக்கம், வகுப்புக்கு வரப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் இளையவனின் எதிர்காலத்துக்காகவும் பதற வேண்டாமா? முதல் தவறிலேயே சிறிய தண்டனை கிடைத்திருந்தால் பெரிய குற்றத்தில் விழாமல் தப்பியிருக்கக்கூடிய சீனியர்களும் இருக்கிறார்கள். கண்டிப்பு அவர்களுக்கும் நல்லது.

ஆகவே, கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கல்லூரியும் அந்தப் பதினைந்து நாள் கணிப்பை உண்மையாக நடத்தட்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனைக்கு என்ன நடவடிக்கை என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். புகார் எண்ணிக்கை கூடினால் அந்தக் கல்லூரியை நாம் பழிக்க வேண்டாம், பிள்ளைகள் அங்கே பேசத் துணிகிறார்கள் என்று புரிந்துகொள்வோம். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோர், 'நீ யாரையும் ராகிங் செய்யாதே' என்பதையும் தம் பிள்ளையிடம் அதே நாளில் சொல்லட்டும். தன் பிள்ளை பாதிக்கப்படுமோ என்று அஞ்சும் வீடுகள் நிறைய. தன் பிள்ளை பாதிப்பை உண்டாக்குமோ என்று அஞ்சும் வீடுகள் மிகக் குறைவு.

'கொஞ்சம் இருந்தால் நல்லது' என்று அடுத்தமுறை யாராவது சொன்னால், சிரித்துத் தலையாட்டாதீர்கள். அந்தப் பிள்ளை மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்று அவரால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாவிட்டால், அவர் ஆதரிப்பது குற்றத்தைத்தான்.